கை பழகிய இடத்தைக் கலைக்காதீர்கள்: செயற்றிட்ட மென்பொருளின் முகத்தை மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில் ஒரு கட்டட ஒப்பந்த நிறுவனம் இருக்கிறது. அங்கே வேலைகளை ஒழுங்குபடுத்துகிற அக்கா, நாங்கள் செய்துகொடுத்த செயற்றிட்ட முகாமைத்துவ மென்பொருளை நான்கு வருடமாகப் பாவித்து வந்தார். காதுக்கும் தோளுக்கும் இடையில் தொலைபேசி, ஒரு கையில் பில் கட்டு, மற்றக் கையில் மவுஸ். சைட்டில் நிற்கும் மேற்பார்வையாளர் சொல்லச் சொல்ல, திரையைப் பாராமலே 'பதிவு செய்' பொத்தானை அமத்திக்கொண்டு போவார்.

புதிய வடிவத்தை வெளியிட்ட திங்கட்கிழமை, அதே இடத்தில் 'பணியை மூடு' என்ற பொத்தான் இருந்தது. மதியத்துக்குள் பதினொரு பணிகள், முடியாமலே முடிந்தவையாகப் பட்டியலை விட்டுப் போய்விட்டன. அடுத்த நாள் கம்பி கட்ட வரவேண்டிய குழுவுக்கு அறிவித்தல் போகவில்லை.

"தம்பி, அது நான் பாக்காமலே அமத்துற இடம். இப்ப அதில வேற என்னவோ நிக்குது" என்றார் அக்கா. சத்தம் போடவில்லை. அதனாலேயே அந்த வசனம் எனக்கு இன்னும் கேட்கிறது. அந்தத் திரையை வரைந்தவர்களில் நானும் ஒருவன்.

அதற்குப் பிறகு நானும் என் குழுவும் இந்த வேலையைச் செய்கிற முறையே மாறியது. கொழும்பில் இப்போது எத்தனையோ தமிழ்ப் பிள்ளைகள் இடைமுக வடிவமைப்புக்கு வருகிறார்கள். நாங்கள் விட்ட பிழைகளையும் பிற இடங்களில் பார்த்த பிழைகளையும் அவர்களுக்காக எழுதுகிறேன்.

பழசாகத் தெரிகிறது என்பதற்காகத் தொடங்குவது

"பார்க்கப் பழசாக இருக்கிறது" என்பது மாற்றத்துக்குக் காரணமாகாது. கடை விளம்பரப் பக்கத்துக்கு அது போதும். அங்கே வருகிறவர் ஒருமுறை பார்த்துவிட்டுப் போகிறார். செயற்றிட்ட மென்பொருளில் ஒருவர் நாளுக்கு ஆறேழு மணித்தியாலம் குடியிருக்கிறார். எந்தப் பட்டியல் எங்கே, எந்தப் பொத்தான் எந்த மூலையில் என்பதெல்லாம் அவருடைய கைக்குத் தெரியும், அவர் யோசிப்பதே இல்லை. அந்தப் பழக்கம் நான்கு வருடத்தில் அவர் சேர்த்த சொத்து. அதைக் கலைப்பதற்கு முன் கையிலே ஒரு காரணம் இருக்கவேண்டும்: எந்த வேலை தடைப்படுகிறது, எங்கே பிழை விடுகிறார்கள், எதற்குத் தேவைக்கு மேல் நேரம் போகிறது?

அதை அறிய ஒரே வழி போய்ப் பார்ப்பதுதான். கூட்ட அறையில் கூப்பிட்டு "என்ன வேண்டும்?" என்று கேட்டால் எல்லோரும் நல்ல பதில்தான் சொல்வார்கள். பக்கத்தில் கதிரையைப் போட்டு அரைநாள் பேசாமல் இருந்தால் வேறு கதை தெரியும். திரையின் விளிம்பில் ஒட்டிய மஞ்சள் துண்டுகளைப் படியுங்கள். தகவலை எக்செல்லுக்கு இறக்கி அங்கே என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். எந்தத் திரையைப் படம் பிடித்து வட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள் என்று கவனியுங்கள். இந்தச் சுற்றுவழிகள் ஒவ்வொன்றும் உங்கள் மென்பொருள் செய்யத் தவறிய ஒரு வேலையின் அடையாளம். புதிய வடிவத்தின் முதல் வரைபடம் அவற்றிலிருந்துதான் பிறக்கவேண்டும்.

பத்து நிறுவனங்களுக்கு ஏறி இறங்க நேரமில்லை என்பார்கள். தேவையும் இல்லை. ஒரே வகையான வேலை செய்கிற ஐந்து பேரைக் கவனித்தாலே பெரிய குறைகளில் பெரும்பாலானவை வெளியே வந்துவிடும் என்று பயன்பாட்டு ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் 2000ஆம் ஆண்டிலேயே எழுதினார். ஆனால் 'ஒரே வகையான' என்ற சொல்லை மறக்கக் கூடாது. மேற்பார்வையாளர் வேறு, கணக்காளர் வேறு, முகாமையாளர் வேறு.

பணம் கொடுப்பவருக்காக மட்டும் வரைவது

மென்பொருளை வாங்குகிறவர் முகாமையாளர். ஆகவே விற்பனைக்குப் போகும் படங்களில் முதலில் நிற்பது வட்டப் படங்களும் வண்ணப் பட்டைகளும் நிறைந்த முகப்புப் பக்கம். அதை எல்லோருக்கும் முகப்பாக்கிவிடுகிறார்கள். ஆனால் காலையில் உள்நுழைகிற பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு வேண்டியது ஒரேயொரு கேள்விக்குப் பதில்: இன்றைக்கு நான் என்ன செய்யவேண்டும்?

பணிகளை நாட்காட்டியின் மேல் பட்டைகளாகக் காட்டும் காண்ட் வரைபடம் நூறு வருடத்துக்கும் மேலான கருவி. ஹென்றி காண்ட் அதைப் பரப்பியது 1910களில். முழுச் செயற்றிட்டத்தையும் ஒரே பார்வையில் பார்க்க அதைவிட நல்லது வரவில்லை என்றே நினைக்கிறேன். ஆனால் ஓடு பதிக்கிற பாஸுக்கு அது தேவையில்லை. அவருக்கு நாலு வரி போதும்.

இதோடு ஒட்டிய இன்னொரு பிழை, பாவனைக் கணக்கைப் பார்த்து வசதிகளை வெட்டுவது. "இந்தப் பக்கத்தை யாருமே திறப்பதில்லை, எடுத்துவிடுவோம்" என்று நாங்கள் ஒரு அறிக்கைப் பக்கத்தை எடுத்தோம். மாதத்தில் ஒரே ஒருநாள், ஒரே ஒருவர் அதைத் திறப்பார். அவர் கணக்காளர். அந்த அறிக்கையை வைத்துத்தான் உபஒப்பந்தக்காரர்களின் மாதக் கொடுப்பனவு கணக்கிடப்படும். எத்தனை தடவை திறந்தார்கள் என்பதோடு, திறக்க முடியாவிட்டால் எது நின்றுபோகும் என்றும் கேட்கவேண்டும்.

வெற்றிடம்

புதிய வடிவங்களில் வரிகளுக்கிடையே இடைவெளி தாராளமாக இருக்கும். வடிவமைப்பாளரின் பெரிய திரையில் அது கண்ணுக்கு இதம். ஆனால் நம்மூர்க் கந்தோர்களில் 1366க்கு 768 அளவிலான மடிக்கணினிகள் இன்னும் நிறைய. பழைய வடிவத்தில் ஒரே பார்வையில் முப்பது பணி தெரிந்த இடத்தில் பதினொன்று மட்டும் தெரிந்தால், ஒப்பிட்டுப் பார்க்கிற வேலையே போய்விடுகிறது. வரி நெருக்கத்தைப் பாவனையாளரே மாற்றிக்கொள்ள விடுங்கள். நிறுவனத்திலேயே மிகப் பழைய கணினியில் வரைபடத்தைத் திறந்து பாருங்கள்.

நிறமும் அப்படித்தான். வெள்ளைப் பின்னணியில் மென்சாம்பல் எழுத்து குளிரூட்டிய அறையில் தெரியும். கொள்ளுப்பிட்டியில் உச்சி வெயிலில் தளத்தில் நிற்கிறவரின் கைத்தொலைபேசியில் தெரியாது. எல்லோரும் பாவிக்கக்கூடியதாகத் திரை அமைய வழிகாட்டும் இணைய அணுகல் வழிகாட்டி (WCAG), எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையில் கேட்கிற 4.5க்கு 1 என்ற ஒளி வேறுபாட்டைக் குறைந்தபட்ச எல்லையாக வையுங்கள். தாமதத்துக்குச் சிவப்பு, முடிந்ததற்குப் பச்சை என்று நிறத்தை மட்டும் நம்பவேண்டாம், பக்கத்தில் சொல்லும் இருக்கட்டும். அந்த இரண்டு நிறமும் பிரிந்து தெரியாத ஆண்கள் நாம் நினைப்பதைவிட அதிகம். 2023இல் வந்த வழிகாட்டியின் 2.2ஆம் பதிப்பு, அமத்தும் இடம் குறைந்தது 24க்கு 24 பிக்சல் இருக்கவேண்டும் என்கிறது. சீமெந்துத் தூசு படிந்த விரலுக்கு அதுவும் காணாது.

தமிழைக் கடைசி வாரத்துக்கு ஒத்திவைப்பது

என்னை அதிகம் நோகச் செய்வது இதுதான். சட்டப்படி சிங்களமும் தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழிகள், ஆங்கிலம் இணைப்பு மொழி. ஆனால் எங்கள் மென்பொருள்களோ ஆங்கிலத்தில் முழுதாக வரையப்பட்டு, கடைசி வாரத்தில் ஓர் எக்செல் தாளில் சொற்கள் கொட்டப்பட்டு, "தமிழ் தெரிந்தவர் யாராவது நிரப்புங்கள்" என்று கைமாறுகின்றன. விளைவு எல்லாப் பக்கங்களிலும் தெரியும்.

முதலில், வசனத்தைத் துண்டுகளாக ஒட்டுகிற முறை. ஆங்கிலத்தில் பெயரை வெற்றிடத்தில் போட்டால் வசனம் சரியாக நிற்கும். தமிழில் வேற்றுமை உருபு பெயரோடு ஒட்டும். 'க்கு' என்று அச்சாக வைத்தால் 'ரவிக்கு' சரி. 'குமார்க்கு', 'மாலாக்கு' என்று வந்து நிற்கும். குமாருக்கு, மாலாவுக்கு என்று வரவேண்டியது. எல்லாப் பெயருக்கும் விதி எழுதிக்கொண்டிருக்கத் தேவையில்லை. வசனத்தையே தவிர்த்து 'பொறுப்பு: மாலா' என்று எழுதினால் முடிந்தது. ஆனால் அதற்கு இடம் ஒதுக்குவது வரைபடம் போடும் நாளிலேயே நடக்கவேண்டும். '1 பணிகள்' என்று காட்டுகிற திரைகளும் இதே சோம்பலின் பிள்ளைகள்.

அடுத்தது இடம். தமிழ்ச் சொல் நீளம், எழுத்துகளுக்கு மேலும் கீழும் உயரமும் வேண்டும். ஆங்கிலத்துக்கு அளந்த பொத்தானில் 'ஒத்திவைக்கப்பட்டது' அடங்காது. பட்டியலில் இடம் போதாமல் பெயரை வெட்டினால் 'மூன்றாம் மாடித் தூண் கம்பி கட்டல்', 'மூன்றாம் மாடித் தூண் கொங்கிரீட்' இரண்டும் ஒரே தலையோடு முடிந்துவிடும். மேற்பார்வையாளர் எதைத் திறப்பார்? வெட்டுகிற நிரல் எழுத்தைப் பார்க்காமல் குறியீட்டை எண்ணினால் 'தூ' என்பது 'த' ஆகிவிடும், ஏனென்றால் கணினிக்கு அது இரண்டு குறியீடு.

தரவுத்தளத்தில் பெயருக்கு 50 பைட் ஒதுக்கியிருந்தார்கள் ஒரு இடத்தில். ஆங்கிலத்தில் 50 எழுத்து. எழுத்துகளைக் கணினியில் சேமிக்கிற யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட். 'மூன்றாம் மாடித் தூண்' என்று எழுதவே 56 பைட் வேண்டும். அந்தச் செயற்றிட்டத்தில் எல்லோரும் ஆங்கிலத்தில் பணிப்பெயர் எழுதத் தொடங்கினார்கள். "எங்கட ஆக்கள் தமிழில எழுத விரும்புறேல்ல" என்று மென்பொருளைச் செய்தவர்கள் முடிவுகட்டினார்கள். விரும்பவில்லை என்பது உண்மையல்ல. எழுத இடம் கொடுக்கவில்லை.

தேடலையும் சோதியுங்கள். 'கொ' என்பதன் கொம்பையும் காலையும் சிலருடைய தட்டச்சு ஒரே குறியீடாகப் பதியும், சிலருடையது இரண்டாகப் பதியும். கண்ணுக்கு வேறுபாடில்லை. இரண்டையும் ஒன்றாக்காமல் தேடினால் கண்முன்னே இருக்கிற 'கொங்கிரீட்' கிடைக்காது. பாமினி என்ற பழைய, யூனிகோட் அல்லாத எழுத்துருவில் தட்டிய ஆவணங்களிலிருந்து ஒட்டுகிறவர்களும் இன்னும் இருக்கிறார்கள். அவை ஆங்கில எழுத்துக் குவியலாக வந்து விழும். ஒட்டும் இடத்திலேயே மாற்றிக்கொடுக்க முடியும்.

நாட்காட்டி பற்றி ஒரு வரி. மாதாமாதம் வருகிற போயா விடுமுறையை அறியாத காண்ட் வரைபடம் கொழும்பில் ஒவ்வொரு மாதமும் பொய்த் திகதி சொல்லும்.

ஒரே இரவில் எல்லாவற்றையும் மாற்றுவது

விண்டோஸ் 8 2012இல் ஸ்டார்ட் பொத்தானை எடுத்தது. மறு வருடமே 8.1இல் அது திரும்பி வந்தது. ஸ்னப்சட் செயலி 2018இல் முகத்தை மாற்றியபோது பழையதைத் திருப்பித் தரக் கேட்டு 12 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இணைய மனுவில் ஒப்பமிட்டார்கள். அவ்வளவு பெரிய நிறுவனங்களுக்கே பழக்கத்தின் பலம் பிடிபடவில்லை. எதிர்மாறான உதாரணம் எங்கள் துறையிலேயே உண்டு: 2004இல் வந்த பேஸ்காம்ப் என்ற செயற்றிட்ட மென்பொருள், 2012இல் முற்றிலும் புதிதாக எழுதப்பட்டபோது, பழைய பதிப்பில் இருந்தவர்களை விரும்பினால் அதிலேயே இருக்க விட்டது.

சிறிய நிறுவனத்தால் இரண்டு பதிப்பை ஆண்டுக்கணக்கில் ஓட்ட முடியாது, தெரியும். சில மாதங்களுக்கு 'பழைய தோற்றத்துக்குப் போ' என்ற ஒரு வழியாவது வைக்கலாம். விசைப்பலகைக் குறுக்குவழிகளை மாற்றாதீர்கள். மின்னஞ்சல்களில் கிடக்கும் பழைய இணைப்புகள் புதிய பக்கத்துக்குப் போகட்டும். ஆபத்தான பொத்தானை, பழைய பாதுகாப்பான பொத்தான் இருந்த இடத்தில் ஒருபோதும் வைக்காதீர்கள். மீளப்பெறும் வழியில்லாமல் எதையும் மூடவும் விடாதீர்கள். வெளியிடும் நாளையும் பார்த்துத் தெரிவுசெய்யுங்கள். மார்ச் 31 கணக்கு முடிக்கிற காலமும் அதன் பின்னாலேயே வருகிற சித்திரைப் புத்தாண்டும் யாரும் புதிய திரை பழகுகிற நாட்களல்ல.

முதல் வாரத்து முறைப்பாடுகளைக் கேட்டுப் பயந்து எல்லாவற்றையும் திருப்பவும் வேண்டாம், "பழகிவிடுவார்கள்" என்று கதவைச் சாத்தவும் வேண்டாம். 'பிடிக்கவில்லை' என்பது ஆறும். 'செய்ய முடியவில்லை' என்பது அன்றே கவனிக்கவேண்டியது. வருகிற ஒவ்வொரு அழைப்பையும் இந்த இரண்டில் ஒன்றாக எழுதிவைத்தால் எதை முதலில் தொடவேண்டும் என்று தெரிந்துவிடும்.

வெள்ளவத்தை நிறுவனத்துக்குப் பொத்தானைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்தோம், மூடிய பணியைத் திறக்க ஒரு வழி வைத்தோம், நான்கு மாதத்துக்குப் பழைய தோற்றத்தையும் விட்டுவைத்தோம். அதை மூடவேண்டிய வாரத்தில் பார்த்தால் மூன்று பேர் இன்னும் பழையதிலேயே இருந்தார்கள். பிடிவாதம் என்றுதான் எங்கள் குழுவில் சிலர் நினைத்தார்கள். கொட்டாஞ்சேனையில் அவர்களுடைய சைட்டுக்குப் போனேன். தகரக் கொட்டில் சுவரில், வாரப் பணிப்பட்டியல் அச்சடித்து ஒட்டியிருந்தது. மேசன்மார் முடிந்த வரிகளைப் பேனையால் வெட்டியிருந்தார்கள். புதிய தோற்றத்தில் அச்சுப் பக்கமே நாங்கள் செய்யவில்லை. பழைய தோற்றத்தை மூடும் திகதியைத் தள்ளிவைத்துவிட்டு, தூரத்திலிருந்தும் படிக்கக்கூடிய பெரிய எழுத்தில், ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ஒரு வெற்றுப் பெட்டியோடு, அந்தப் பக்கத்தைச் செய்து கொடுத்தோம்.