எம்.ஆர்.ஐ.யில் மட்டும் தெரியும் மார்பகக் கட்டிக்கு பயாப்ஸி செய்யும் முறை

எம்.ஆர்.ஐ.யில் சந்தேகமான இடம் தெரிந்தால் முதலில் அதே இடத்தை அல்ட்ராசவுண்டில் தேடுங்கள். அங்கே கிடைத்தால் அதைப் பார்த்தே ஊசி போடலாம். நோயாளிக்கும் எளிது, செலவும் குறைவு. வேறு எதிலும் பிடிபடாததற்குத்தான் எம்.ஆர்.ஐ. படத்தை வழிகாட்டியாக வைத்து ஊசியால் திசு எடுக்கும் (பயாப்ஸி) இந்த முறை.

பேஸ்மேக்கர், மூளையில் வைத்த கிளிப், சிறுநீரகக் கோளாறு, ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை ஆகியவற்றை முன்பே கேட்டுவிடுங்கள்.

நோயாளி குப்புறப் படுக்க வேண்டும். மார்பகம் காயிலின் (படம் பிடிக்கும் எம்.ஆர்.ஐ. பாகம்) திறப்பில் தொங்கும். பக்கவாட்டில் துளைகள் கொண்ட கட்டத் தட்டு அதை அழுத்திப் பிடிக்கும். நெஞ்சுக்கும் தோளுக்கும் மெத்தையை முதலிலேயே சரிசெய்யுங்கள். பிறகு அவர் ஒரு சென்டிமீட்டர் நகர்ந்தாலும் கணக்கு முழுவதும் வீண். அழுத்தம், அசையாமல் பிடிக்கும் அளவுக்குப் போதும். இறுக்கினால் ரத்த ஓட்டம் குறைந்து, காண்ட்ராஸ்ட் (கட்டியை வெளுப்பாகக் காட்ட நரம்பில் ஏற்றும் மருந்து) ஏறாமல், கட்டியே படத்தில் மறைந்துபோகும்.

தட்டில் ஒரு வைட்டமின் ஈ மாத்திரையை ஒட்டுங்கள். படத்தில் அது வெள்ளையாகத் தெரியும், அதுதான் அடையாளப் புள்ளி. பிறகு காண்ட்ராஸ்ட் மருந்தான கேடோலினியத்தை ஏற்றுங்கள்: கிலோ எடைக்கு 0.1 மில்லிமோல். இனி நேரத்தோடு போட்டி: சில நிமிடங்களில் சுற்றியுள்ள திசுவும் வெளுத்துவிடும். ஆழக் கணக்கு இப்படி: ஸ்கேன் மார்பகத்தை அடுக்கடுக்கான படத் துண்டுகளாகக் காட்டும். தோல் 12-ஆம் துண்டிலும் கட்டி 27-ஆம் துண்டிலும் இருந்து, துண்டின் தடிமன் 2 மி.மீ. என்றால், 15 × 2 = 30 மி.மீ. தட்டின் துளையில் பொருத்தும் ஊசி வழிகாட்டிக் கட்டை 20 மி.மீ. தடிமன் என்றால், ஊசி அதற்கு மேல் போகாமல் தடுக்கும் நிறுத்தத்தை 50 மி.மீ.-இல் வையுங்கள். கட்டையின் தடிமனைக் கூட்ட மறப்பது அடிக்கடி நடக்கும் பிழை. ஊசி கட்டிக்கு முன்பே நின்றுவிடும்.

லிக்னோகெயின் ஊசியால் அந்த இடத்தை மரத்துப்போகச் செய்து, தோலைச் சிறிதாகக் கீறி, ஊசி செல்லும் குழாயான உறையை உள்ளே செலுத்துங்கள். உள்ளிருக்கும் உலோகக் குத்தூசியை எடுத்துவிட்டு பிளாஸ்டிக் தண்டை நுழைத்து மறுபடியும் ஸ்கேன் எடுங்கள். தண்டு கருப்புக் கோடாகத் தெரியும். அதன் நுனி கட்டியில் இருக்க வேண்டும். எவ்வளவு அவசரமானாலும் இந்த ஸ்கேனைத் தவிர்க்காதீர்கள். மெல்லிய மார்பகத்தில் மறுபக்கத் தோல் வெட்டுப்படும் அபாயம் உண்டு. அங்கே வெட்டுவாய் குட்டையான ஊசியைப் பயன்படுத்துங்கள்.

9 கேஜ் (ஊசியின் பருமன்) வெற்றிட ஊசியைக் கடிகார முள்போல் சுற்றி 6 முதல் 12 திசுத் துண்டுகள் எடுங்கள். எடுத்த இடத்தின் அடையாளமாக டைட்டானியம் கிளிப் வைத்து, கடைசி ஸ்கேனுக்குப் பிறகு 10 நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். பின்னர் மம்மோகிராம் (மார்பக எக்ஸ்ரே) அவசியம்; தட்டைத் தளர்த்தும்போது கிளிப் இடம்பெயரக்கூடும்.

அன்றைக்குக் கட்டி தெரியவே இல்லையா? அழுத்தத்தைத் தளர்த்திப் பாருங்கள். அப்போதும் இல்லை என்றால் ஊசியை நிறுத்திவிட்டு, சில மாதங்களில் மறுபடியும் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்லுங்கள்.

மம்மோகிராமில் தெரியும் கால்சியம் படிவுக்குப் போல, எடுத்த திசுத் துண்டை எக்ஸ்ரேயில் பார்த்து உறுதிசெய்ய இங்கே வழியில்லை. அதனால் அறிக்கையில் 'புற்று இல்லை' என்று வந்தாலும் படத்தோடு ஒப்பிடுங்கள். பொருந்தவில்லை என்றால் மறுபயாப்ஸி அல்லது அறுவை. பொருந்தினாலும் பெரும்பாலும் 6 மாதத்தில் ஒரு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்ப்பது வழக்கம்.