ஐ.நா. கொடியை அளவோடு வரைவோம்: அதில் யாழ்ப்பாணம் எங்கே?

ஒக்டோபர் 24, ஐ.நா. தினம் நெருங்கினால் யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கையில் பிறிஸ்டல் போட் வந்துவிடும். போன வருஷம் அப்படி வரைந்துகொண்டிருந்த என் மருமகள், "மாமா, இந்தப் படத்திலை யாழ்ப்பாணம் எங்கை?" என்று கேட்டாள். அளந்தே கண்டுபிடிக்கலாம். கவராயம், பாகைமானி, அடிமட்டம் போதும்.

படி 1: நீல போட்டில் 60 செ.மீ. நீளம், 40 செ.மீ. உயரம் எடுங்கள். கொடியின் நடுவில் இருக்கும் சின்னம் வட துருவத்துக்கு மேலிருந்து பார்த்த உலகப்படம்; அதைச் சுற்றி இரண்டு ஒலிவக் கிளைகள். அது கொடி உயரத்தில் பாதி, அதாவது 20 செ.மீ. வெள்ளை போட்டில் நீலம் பூசவேண்டாம், பென்சில் கோடுகள் மறைந்துவிடும்.

படி 2: மூலைவிட்டம் போட்டு நடுவைப் பிடித்து, 2 செ.மீ. மேலே புள்ளி வையுங்கள். கீழே கிளைகளுக்கு இடம் வேண்டுமே. அந்தப் புள்ளிதான் வட துருவம். அதிலிருந்து 1.5, 3, 4.5, 6, 7.5 செ.மீ. ஆரையில் ஐந்து வட்டங்கள். ஒவ்வொரு இடைவெளியும் 30 பாகை அகலாங்கு. மூன்றாவது வட்டம் மத்திய கோடு, கடைசி வட்டம் தெற்கு 60 பாகை.

துருவத்தை நடுவில் வைத்ததால் எந்த நாடும் நடுவில் இல்லை. எனக்கு இந்தச் சின்னத்தில் மிகவும் பிடித்தது இதுதான். ஐ.நா.வை உருவாக்கிய 1945 சான் பிரான்சிஸ்கோ மாநாட்டுக்காக வரைந்த முதல் வடிவம் தெற்கே 40 பாகையோடு நின்றது. ஆர்ஜென்டீனாவின் தென்பகுதி அதில் இல்லை. அதைத் திருத்தி 60 பாகைவரை நீட்டிய வடிவத்தைத்தான் 1946 டிசெம்பர் 7இல் பொதுச்சபை ஏற்றது. கொடி 1947 ஒக்டோபர் 20இல் வந்தது.

படி 3: துருவத்திலிருந்து 45 பாகைக்கு ஒன்றாக எட்டுக் கோடுகள். நேரே கீழே இறங்குவது கிரீன்விச் கோடு, அதாவது 0 பாகை நெடுங்கோடு; கிழக்கு வலப்பக்கம். யாழ்ப்பாணம் கிழக்கே 80 பாகை, வடக்கே ஏறக்குறைய 10 பாகை. துருவத்திலிருந்து 80 பாகைத் தூரம் என்றால் 4 செ.மீ. கீழ்க்கோட்டிலிருந்து வலப்பக்கம் 80 பாகை திருப்பி 4 செ.மீ. அளந்து புள்ளி வையுங்கள். மூன்றாவது வட்டத்துக்குச் சற்று உள்ளே விழும். இந்தப் படம் ஏற்கப்பட்டபோது எங்கள் தீவுக்குச் சுதந்திரமே கிடைக்கவில்லை. ஐ.நா.வில் இலங்கை சேர்ந்தது 1955 டிசெம்பர் 14இல்.

படி 4: கண்டங்களை ஒற்றியெடுங்கள். ஆபிரிக்கா கீழே, தென்னமெரிக்கா இடப்பக்கம், அவுஸ்திரேலியா வலது மேல்மூலை.

படி 5: இரண்டு ஒலிவக் கிளைகள், சமாதானத்தின் அடையாளம். காம்புகள் அடியில் ஒன்றையொன்று குறுக்காகக் கடக்கும். பலர் இங்கே நெற்கதிர் வரைந்துவிடுகிறார்கள். ஒலிவ இலை ஒடுங்கி நீண்டது. அலரி இலையைச் சிறிதாக்கினால் சரியாக வரும்.

கண்டம், வட்டம், கோடு, கிளை எல்லாம் வெள்ளை. காய்ந்ததும் பென்சில் அடையாளங்களை அழியுங்கள். யாழ்ப்பாணப் புள்ளியும் அதில் அடக்கம்.