வெயில் கால மான் வேட்டை: கறியும் வெல்வெட் கொம்பும் கெடாமல் இருக்க

வட அமெரிக்காவில் பல மாநிலங்களில் வில் வேட்டை சீசன் ஆகஸ்ட் கடைசியிலோ செப்டம்பர் தொடக்கத்திலோ திறந்துவிடும். ஆண் மானின் கொம்பைப் போர்த்தியிருக்கும் வெல்வெட் என்ற பட்டுத்தோல், சீசனில் உரியாமல் இருப்பதும் அந்தச் சில நாட்கள்தான். பகல் குறையக் குறைய டெஸ்டோஸ்டிரோன் ஏறும், தோலுக்குப் போகும் ரத்தம் நிற்கும், மான் செடிகளில் தேய்த்து ஓரிரு நாளில் உரித்துவிடும். அதனால் நம் கண்ணெல்லாம் கொம்பின் மேல்தான் இருக்கும். ஆனால் அதே நாட்களில் மத்தியானம் 30 டிகிரி வெயில் அடிக்கிறது. கொம்பு சில மணி நேரம் தாங்கும். கறி தாங்காது, அதனால் கறியைத்தான் முதலில் கவனிக்க வேண்டும்.

இதைத் தலைகீழாகச் செய்துதான் என் முதல் மானில் ஒரு பின்தொடையை இழந்தேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் படம் எடுத்தேன். குடலை எடுத்துவிட்டுத் தோலோடு வண்டியில் போட்டுக்கொண்டு வந்தேன். சாயங்காலம் உரித்தபோது மேலே கறி நல்ல சிவப்பாக இருந்தது. இடுப்பு மூட்டைப் பிரித்ததும்தான் அந்த வாடை வந்தது, புளித்த சாக்கடை மாதிரி. எலும்பைச் சுற்றி ஒரு கை அகலத்துக்குச் சாம்பல் பச்சை, தொட்டால் பிசுபிசுப்பு. மானின் உடம்புச் சூடு 38 டிகிரிக்கு மேல். பின்தொடை கனமானது, அதன் மேல் ரோமத்தோல் வேறு. உள்ளே எலும்பில் தங்கிய சூடு வெளியேற வழியே இல்லை. நமக்காக உயிரை விட்ட பிராணியின் கறியைக் குழியில் போட்டு மூடிய நாள் அது. இன்னும் மனசு ஆறவில்லை.

இப்போதெல்லாம் டேக் (வேட்டை உரிமத்தோடு வரும் எண் சீட்டு) கட்டுவேன், இரண்டு படம் எடுப்பேன், உடனே கத்தி. குடலும் மூத்திரப்பையும் கிழியாமல் வயிற்றைத் திறங்கள். மூச்சுக்குழாயைத் தொண்டைவரை இழுத்து முழுசாக அறுத்தெடுங்கள். பாதியில் விட்டால் அங்கிருந்துதான் முதலில் அழுகும். பின்னங்கால் உட்புறத்தில் கருத்த ரோமத்தோடு இருக்கும் சுரப்பியைத் தொட வேண்டாம். தொட்டுவிட்டால் கையுறையை மாற்றி, கத்தியைத் துடைத்துவிட்டுத்தான் கறிப் பக்கம் போக வேண்டும். அடுத்து தோல். அங்கேயே, நிழலில், உடனே உரித்துவிடுங்கள். பின்தொடையில் தசைகளுக்கு நடுவே எலும்புவரை ஒரு கீறல் போட்டுத் திறந்து வைத்தால் சூடு இறங்கும். வண்டி தூரத்தில் இருந்தால் வயிற்றைத் திறக்காமலே, படுத்த நிலையில் ஒரு பக்கத்துச் சப்பை, தொடை, முதுகுக்கறியை எடுத்துவிட்டு, புரட்டிப் போட்டு மறுபக்கத்தையும் எடுக்கலாம்.

கறியைத் துணிப்பையில்தான் போட வேண்டும், பிளாஸ்டிக்கில் கூடாது. சில நிமிடத்திலேயே ஈ வந்துவிடும். நொய்யரிசி போல வெள்ளையாக, கொத்துக் கொத்தாக மடிப்புகளில் முட்டை வைக்கும். கண்ணில் பட்டதும் கத்தி முனையால் சுரண்டித் தள்ளிவிடுங்கள். ஐஸ் பெட்டியில் அடியில் உறைந்த தண்ணீர் பாட்டில்கள், மேலே கறி. தண்ணீர் வடியும் துளையைத் திறந்தே வையுங்கள், கறி தண்ணீரில் ஊறக் கூடாது. தெர்மாமீட்டரை எலும்பை ஒட்டிக் குத்திப் பாருங்கள். 4 டிகிரிக்குக் கீழே வந்தால்தான் எனக்கு மூச்சு வரும்.

அன்றே ஃப்ரீசரில் போட்டுவிடாதீர்கள். செத்ததும் தசையில் ஏறும் விறைப்பு விடுவதற்கு ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். அதற்குள் உறைந்த கறி, பிறகு இளகும்போது சுருங்கி ரப்பராகிவிடும். ஃப்ரிட்ஜில் எலும்போடு இரண்டு மூன்று நாள் இருந்தால் மிருதுவாகும்.

இனி கொம்பு. கொம்பைப் பிடித்து மானை இழுக்கவே கூடாது, கயிறும் கட்டக் கூடாது. அந்தத் தோல் ஈரப் பழத்தோல் போல வழுக்கிக்கொண்டு வந்துவிடும். தாடைக்குக் கீழேயும் பிடரியிலும் பிடித்துத் தூக்குங்கள். வண்டியில் கொம்பு எதிலும் உரசாமல், வெயில் படாமல் இருக்க வேண்டும். நுனியை மெதுவாக அழுத்திப் பாருங்கள். கூராகவும் கெட்டியாகவும் இருந்தால் உள்ளே ரத்தம் குறைவு. குண்டாகவும் மெத்தென்றும் இருந்தால் அவசரம், சீக்கிரம் அழுகும்.

நான் சொல்லும் எளிய வழி: ஆறியதும் துணியில் சுற்றி, அதன் மேல் பிளாஸ்டிக் போட்டு ஃப்ரீசரில் வைத்து, பாடம் செய்பவரிடம் உறைந்தபடியே கொடுத்துவிடுவது. உறைநிலையிலேயே ஈரத்தை உறிஞ்சி உலர்த்தும் இயந்திரம் உள்ளவர் என்றால் இன்னும் நல்லது. நீங்களே செய்வதானால், ஒவ்வொரு நுனியிலும் பிளேடால் சின்னக் கீறல் போட்டுத் தலைகீழாகத் தொங்கவிட்டு ரத்தம் வடியவிடுங்கள். பிறகு அடிப்பக்கத்து ரத்தக் குழாயில் ஊசி ஏற்றி, நுனியில் தெளிந்த திரவம் சொட்டும்வரை பதப்படுத்தும் மருந்தைச் செலுத்த வேண்டும். அதில் பெரும்பாலும் ஃபார்மலின் இருக்கும். அது புற்றுநோய் உண்டாக்கக்கூடியது. கையுறை, கண்ணாடி, திறந்தவெளி மூன்றும் வேண்டும். கறி இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் அந்தப் பாட்டிலைக்கூட வைக்காதீர்கள். தோல் ஏற்கெனவே கிழிந்து தொங்கினால் காப்பாற்றப் பார்க்க வேண்டாம், ஈரமாக இருக்கும்போதே முழுசாக உரித்துவிடுங்கள்.

தலையை எடுத்துக்கொண்டு எல்லை தாண்டுமுன் இன்னொன்று. 1967இல் கொலராடோவில் முதலில் கண்ட மான் மெலிவு நோய் இன்று பல மாநிலங்களில் இருக்கிறது. மூளை, முதுகுத்தண்டோடு தலையைக் கொண்டுபோகப் பல இடங்களில் தடை உண்டு, மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறு. இதை உண்டாக்குவது பிரியான் என்ற பிறழ்ந்த புரதம், சமைத்தாலும் அழியாது. தொண்டைக்குப் பின்னால் இருக்கும் நிணநீர்க் கணுக்களைப் பரிசோதனைக்குக் கொடுத்துவிடுங்கள். நோய் இருந்தால் கறியைச் சாப்பிட வேண்டாம் என்பதே அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் அறிவுரை. முடிவு வரும்வரை ஒவ்வொரு பொட்டலத்திலும் டேக் எண்ணையும் தேதியையும் எழுதி, வேறு மானின் கறியோடு கலக்காமல் ஃப்ரீசரில் தனித் தட்டில் வைத்திருக்கிறேன்.