சிறு பொட்டலத்துடன் மகன் பிடிபட்டால்: 64ஏ பிரிவைப் பயன்படுத்துவது எப்படி

மதுரையில் இருபத்திரண்டு ஆண்டுகளாகப் போதைப்பொருள் வழக்குகளை நடத்துகிறேன். வரும் தாய்மார்கள் எல்லாரும் கேட்பது, "ஜாமீன் எப்போது கிடைக்கும், அம்மா?" நான் கேட்பது, "மகஜரில், அதாவது பறிமுதல் செய்தபோது போலீஸ் எழுதிய பதிவில், எத்தனை கிராம்?"

அதை முதலில் பாருங்கள். ஹெராயின் 5 கிராமுக்குள் என்றால் சிறிய அளவு. அதிகபட்சம் ஓராண்டுச் சிறை. மேலே போனால் பத்தாண்டு வரை. 250 கிராமைத் தாண்டினால் குறைந்தபட்சமே பத்தாண்டு. 2020-இல் உச்ச நீதிமன்றம் ஹீரா சிங் வழக்கில் சொன்னபடி, கலப்படப் பொடியும் சேர்த்தே எடை. ஆனால் பிளாஸ்டிக் உறை போதைப்பொருள் அல்ல. உறையோடு எடை போட்டார்களா என்று மகஜரை வரிவரியாகப் படியுங்கள்.

சிறிய அளவு என்றால், போதைக்கு அடிமையானவர் தானாக முன்வந்து சிகிச்சை பெறும்போது போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் (NDPS) 64ஏ பிரிவு அவரை வழக்கிலிருந்து காக்கிறது. அவருக்கு வேண்டியது வைத்தியர்தான் என்று சட்டமே ஒப்புக்கொண்ட இடம் இது. கேட்காமல் யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

ஜாமீனில் வந்த அன்றே அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். தனியார் மையம் என்றால் அரசு அங்கீகாரக் கடிதத்தின் நகலை வாங்கிய பிறகே பணம் கட்டுங்கள். என் கட்சிக்காரர் ஒருவர் மூன்று மாதம் ஓர் இல்லத்தில் இருந்தார். அங்கீகாரம் இல்லாததால் அந்தச் சான்றிதழ் எதற்கும் உதவவில்லை.

மருத்துவர் நாக்குக்கு அடியில் வைக்கும் புப்ரினார்பின் மாத்திரை தரலாம். "ஒரு போதைக்கு இன்னொரு போதையா?" என்று கோபப்படாதீர்கள். போதையை நிறுத்தும்போது வரும் மூக்கொழுகல், கொட்டாவி, வயிற்றுப்போக்கு அடங்கி அவர் வேலைக்குப் போக அதுதான் உதவும். பதினைந்து நாளில் முடிவதல்ல, மாதக்கணக்கில் நீளும். நடுவில் விட்டால் 64ஏ பாதுகாப்பை நீதிமன்றம் திரும்பப் பெறலாம்.

தண்டனை உறுதியானாலும் அதே சட்டத்தின் 39-ஆம் பிரிவு இருக்கிறது. சிறைக்குப் பதிலாக, உறுதிமொழிப் பத்திரத்தின்பேரில் சிகிச்சைக்கு அனுப்பக் கோரலாம். ஓராண்டுக்குள் மருத்துவ அறிக்கை தர வேண்டும்.

சிறையில் இருந்து வந்தவர் என்றால் முதல் சில வாரங்கள் தனியே விடாதீர்கள். உடல் பழைய தாங்குதிறனை இழந்திருக்கும். பழைய அளவை எடுத்தால் மூச்சு நின்றுவிடும்.

சிகிச்சைக்கு வழிகேட்க 14446, இலவச வழக்கறிஞருக்கு 15100. ஒவ்வொரு புறநோயாளிச் சீட்டையும் தேதிவாரியாக அடுக்கி வையுங்கள். ஓர் அம்மா ரேஷன் கார்டு உறையில் நாற்பது சீட்டுகள் கொண்டுவந்தார். அந்த மனுவில் நான் அதிகம் வாதாட வேண்டியிருக்கவில்லை.