நன்றியுணர்வு ஆய்வுக் கட்டுரையைத் திருத்தும்போது மாணவர்கள் எங்கே தவறுகிறார்கள்?

உளவியல் முதுகலை மாணவர்கள் பலர் விரும்பி எடுக்கும் தலைப்பு, நன்றியுணர்வும் நலவாழ்வும். காரணம் புரிகிறது. வினாநிரல் சிறியது, யாரிடமும் கேட்கலாம், கேட்பதால் யார் மனமும் நோகாது. முடிவும் பெரும்பாலும் எதிர்பார்த்தபடியே வரும். அதனால் முதல் வரைவு சீக்கிரம் தயாராகிவிடுகிறது. சிக்கல் அதன் பிறகுதான். நெறியாளர் "திருத்தி எடுத்து வாருங்கள்" என்று திருப்பிக் கொடுத்ததும் எழுத்துப்பிழைகள் நீங்குகின்றன, வாக்கியங்கள் நீள்கின்றன, மேற்கோள் பட்டியலில் இன்னும் பத்துப் பெயர்கள் சேர்கின்றன. கட்டுரை சொல்லும் சங்கதி மட்டும் அப்படியே இருக்கிறது. நெறியாளர் மாற்றச் சொன்னது பெரும்பாலும் அதைத்தான்.

இந்தத் தலைப்பில் திருத்த வேலையின் பெரும்பகுதி ஒன்றே ஒன்று: எதை அளந்தோமோ அந்த அளவுக்குக் கூற்றைக் கீழே இறக்குவது. மற்றவை எல்லாம் அதற்குப் பிறகு.

வினைச்சொற்கள்

ஒரே நாளில், ஒரே கூகுள் படிவத்தில், ஒரே மாணவரிடம் நன்றியுணர்வையும் வாழ்க்கைத் திருப்தியையும் கேட்டு வாங்கிய தரவு ஒட்டுறவை மட்டுமே காட்டும்; அதாவது இரண்டும் சேர்ந்து ஏறி இறங்குகின்றனவா என்பதை, எது எதற்குக் காரணம் என்பதை அல்ல. வரைவிலோ "அதிகரிக்கிறது", "மேம்படுத்துகிறது", "வழிவகுக்கிறது" என்ற சொற்கள் வரிசைகட்டி நிற்கும். தலைப்பிலேயே "தாக்கம்" என்று இருக்கும்.

அந்த உறவின் வலிமையைக் காட்டும் எண்ணான ஒட்டுறவுக் கெழு 0.32 வந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். வரைவில் இப்படி ஒரு வாக்கியம் இருக்கிறது: "நன்றியுணர்வு மாணவர்களின் நலவாழ்வைப் பெருமளவு உயர்த்துகிறது என்பது இந்த ஆய்வில் நிரூபணமாகிறது." இதில் சரியாக இருப்பது "இந்த ஆய்வில்" மட்டும்தான். உயர்த்துகிறதா என்று ஆய்வு பார்க்கவே இல்லை. 0.32ஐ வர்க்கப்படுத்தினால் சுமார் 0.10, இரண்டு மதிப்பெண்களுக்கும் பொதுவான மாறுபாடு பத்து சதவீதம்தான் என்னும்போது "பெருமளவு" எங்கிருந்து வந்தது? அளந்தது வாழ்க்கைத் திருப்தியை, எழுதியது நலவாழ்வு. பதில் சொன்னவர்கள் ஒரு கல்லூரியின் வாட்ஸ்அப் குழுவில் இருந்தவர்கள். எழுதியது ஒட்டுமொத்த மாணவர்களைப் பற்றி. ஒற்றை ஆய்வால் எதுவும் நிரூபணமாவதும் இல்லை.

திருத்தினால் இப்படி வரும்: "பதிலளித்த மாணவர்களில் நன்றியுணர்வு மதிப்பெண் கூடுதலாக உள்ளவர்களிடம் வாழ்க்கைத் திருப்தி மதிப்பெண்ணும் ஓரளவு கூடுதலாக இருக்கும் போக்கு காணப்பட்டது, பொதுவான மாறுபாடு சுமார் 10 சதவீதம்." சப்பென்று இருக்கிறது என்று மாணவர்கள் குறைப்பட்டுக்கொள்வார்கள். இருக்கட்டும். தரவு சொல்வது அவ்வளவுதான்.

திசை எதிர்ப்புறமாகவும் இருக்கலாம்: வாழ்க்கை நன்றாகப் போகிறவருக்கு நன்றி சொல்ல நிறைய இருக்கும். அல்லது குடும்பத்தின் ஆதரவு, இயல்பிலேயே கவலைப்படும் சுபாவம் போன்ற மூன்றாவது ஒன்று இரண்டையும் இழுத்துக்கொண்டு போகலாம். திசையைப் பற்றிப் பேச ஆசைப்பட்டால் அதற்கென்று செய்யப்பட்ட ஆய்வுகளைத் துணைக்கு அழைக்க வேண்டும். 2008இல் அலெக்ஸ் வுட்டும் சக ஆய்வாளர்களும் கல்லூரியில் புதிதாகச் சேர்ந்தவர்களை முதல் பருவத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் அளந்தார்கள். தொடக்கத்தில் நன்றியுணர்வு கூடுதலாக இருந்தவர்களிடம் பருவ முடிவில் மன அழுத்தமும் சோர்வும் குறைவாக இருந்தன, மற்றவர்களின் ஆதரவு இருக்கிறது என்ற எண்ணம் கூடுதலாக இருந்தது. இதை மேற்கோள் காட்டலாம். ஆனால் அது அவர்கள் கண்டது. உங்கள் ஒற்றைப் படிவம் கண்டதல்ல.

முடிவுப் பகுதியில் வினைச்சொற்களை ஒழுங்காக மாற்றிவிட்டுப் பரிந்துரைப் பகுதியை மறந்துவிடுவதும் உண்டு. "ஆகவே எல்லாக் கல்லூரிகளும் நன்றிக் குறிப்பேட்டை நடைமுறைப்படுத்த வேண்டும்" என்ற வரி அங்கே பத்திரமாக இருக்கும். நன்றி சொல்லத் தோன்றியவற்றை எழுதிவைக்கும் அந்தக் குறிப்பேட்டைப் பற்றி ஆய்வு ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ஆய்வுச் சுருக்கத்திலும் இதே கதைதான்; முதல் வரைவில் எழுதிய சுருக்கத்தை யாரும் திறந்தே பார்ப்பதில்லை.

தரவுக் கோப்புக்குத் திரும்பாமல் இருப்பது

திருத்தம் என்றால் வேர்டு கோப்பை மட்டும் திறப்பது என்று பலர் நினைக்கிறார்கள். எண்கள் ஒருமுறை அட்டவணைக்குள் போய்விட்டால் அவை கல்லில் செதுக்கியவை போல ஆகிவிடுகின்றன. இந்தத் தலைப்பில் அதிகம் பயன்படும், நன்றியுணர்வை அளக்கும் வினாநிரலான ஜி.கியூ.-6 அளவுகோலில்தான் விபத்து அடிக்கடி நடக்கிறது.

2002இல் மெக்கலோ, எம்மன்ஸ், சாங் ஆகியோர் வெளியிட்ட அளவுகோல் இது. ஆறு கூற்றுகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை மதிப்பெண், மொத்தம் 6 முதல் 42 வரை. மூன்றாவது, ஆறாவது கூற்றுகள் எதிர்மறையானவை. உலகத்தைப் பார்த்தால் நன்றி சொல்ல அதிகம் எதுவும் தெரியவில்லை என்பது மூன்றாவதின் பொருள். இந்த இரண்டின் மதிப்பெண்ணையும் 8இலிருந்து கழித்துத் திருப்பிக்கொண்ட பிறகுதான் கூட்ட வேண்டும்.

திருப்பாமல் விட்டால் என்ன ஆகும்? மிகுந்த நன்றியுணர்வு உள்ள ஒரு மாணவி நான்கு கூற்றுகளுக்கு 7, எதிர்மறையான இரண்டுக்கு 1 போடுகிறார். சரியான மொத்தம் 42. திருப்பாவிட்டால் 28 கூட்டல் 2, அதாவது 30. எதன் மீதும் நன்றியில்லாத ஒருவர் நான்குக்கு 1, இரண்டுக்கு 7 போடுகிறார். சரியான மொத்தம் 6, திருப்பாவிட்டால் 18. இரண்டு துருவங்களுக்கு இடையே 36 இருக்க வேண்டிய தூரம் 12 ஆகச் சுருங்கிவிடுகிறது. அதற்குப் பிறகு ஒட்டுறவு பலவீனமாக வந்தால் அதிசயமில்லை. அந்தப் பலவீனத்துக்கு விவாதப் பகுதியில் பண்பாட்டுக் காரணங்கள் கண்டுபிடித்து இரண்டு பக்கம் எழுதும் மாணவரைப் பார்த்தால் பாவமாக இருக்கும்.

இதற்கு எச்சரிக்கை மணி உண்டு: கூற்றுகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதைக் காட்டும் க்ரோன்பாக் ஆல்ஃபா மிகவும் தாழ்ந்து வரும், சில சமயம் எதிர்மறையாகக்கூட வரும். அப்போது மென்பொருள், மூன்றாவதையும் ஆறாவதையும் நீக்கினால் ஆல்ஃபா உயரும் என்று காட்டும். மாணவர் நீக்கிவிடுவார், கட்டுரையில் சொல்லவும் மாட்டார். சரியாகத் திருப்பிய பிறகும் ஆறாவது கூற்று ஒட்டாமல் நிற்பது நடக்கக்கூடியதுதான். சிறுவர், வளரிளம் பருவத்தினரிடம் இதே கூற்று சரியாக வேலை செய்யவில்லை என்று ஜெஃப்ரி ஃப்ரோவும் குழுவினரும் 2011இல் எழுதியிருக்கிறார்கள். ஆகவே நீக்கலாம், நீக்கியதையும் ஏன் என்பதையும் ஆல்ஃபா முன்னும் பின்னும் எவ்வளவு என்பதையும் எழுத வேண்டும்.

உணர்வுகளை அளக்கும் பனாஸ் அளவுகோலில் இன்னொரு வகை விபத்து. இருபது சொற்களில் பத்து நேர்மறை உணர்வுகள், பத்து எதிர்மறை உணர்வுகள். இவற்றுக்குத் தனித்தனி மொத்தம் போட வேண்டும். இருபதையும் கூட்டி "நலவாழ்வு மதிப்பெண்" என்று ஒரே எண் தந்தால் அந்த எண்ணுக்குப் பொருளே இல்லை. தமிழில் மொழிபெயர்த்துக் கொடுத்திருந்தால் யார் மொழிபெயர்த்தார், அதை மீண்டும் மூல மொழிக்கு மறுபெயர்ப்பு செய்து சரிபார்த்தீர்களா என்பதையும் முறையியல் பகுதியில் ஒரு வரியிலாவது சொல்லுங்கள்.

படிக்காமல் காட்டும் மேற்கோள்

இந்தத் தலைப்பில் எம்மன்ஸ், மெக்கலோ 2003 இல்லாத கட்டுரையைப் பார்ப்பது அரிது. "நன்றிக் குறிப்பேடு எழுதுவது மகிழ்ச்சியைத் தருகிறது (எம்மன்ஸ், மெக்கலோ, 2003)" என்று ஒரு வரி, அதோடு சரி. அந்தக் கட்டுரையில் மூன்று ஆய்வுகள் உள்ளன. முதலாவதில் மாணவர்கள் வாரம் ஒருமுறை எழுதினார்கள், இரண்டாவதில் தினமும், மூன்றாவதில் பங்கேற்றவர்கள் நரம்புத்தசை நோய் உள்ளவர்கள். முதல் இரண்டிலும் நன்றிக் குழுவோடு ஒப்பிடப்பட்ட குழுக்களில் ஒன்று, அன்றாடத் தொல்லைகளைப் பட்டியலிட்ட குழு. எரிச்சலூட்டியதை எல்லாம் உட்கார்ந்து எழுதியவரோடு ஒப்பிட்டால் நன்றி எழுதியவர் நன்றாகத்தான் தெரிவார். நன்றி அவரை உயர்த்தியதா, தொல்லைப் பட்டியல் மற்றவரைத் தாழ்த்தியதா? 2010இல் வெளியான மீளாய்வில் வுட், ஃப்ரோ, ஜெராக்டி ஆகியோர் ஒப்பீட்டுக் குழுக்களைப் பற்றி எழுப்பிய கேள்வி இதுதான். மூல ஆசிரியர்களும் பல அளவுகளில் முன்னேற்றம், எல்லாவற்றிலும் அல்ல என்றே எழுதினார்கள். அந்த "எல்லாவற்றிலும் அல்ல" மாணவர் கட்டுரைகளுக்கு வந்து சேர்வதே இல்லை.

2016இல் டேவிஸும் குழுவினரும் பல ஆய்வுகளைத் தொகுத்துக் கணக்கிட்டார்கள். வேறொரு சாதாரண வேலையைச் செய்த குழுவோடு ஒப்பிட்டபோது உளநலத்தில் விளைவின் அளவு, அதாவது இரண்டு குழுக்களுக்கு இடையிலான வித்தியாசத்தின் அளவு, வெறும் 0.17. உளவியல் ரீதியாகப் பயன் தரக்கூடிய வேறொரு பயிற்சியோடு ஒப்பிட்டபோது வித்தியாசம் ஏறக்குறைய இல்லை. கிரெக், சீவன்ஸ் இருவரும் மனச்சோர்வு, பதற்றம் பற்றிய 27 ஆய்வுகளைத் தொகுத்தபோதும் விளைவு சிறியதாகவே இருந்தது. இவற்றைச் சேர்த்தால் கட்டுரை பலவீனமாகிவிடும் என்று மாணவர்கள் அஞ்சுகிறார்கள். என் அனுபவத்தில், தேர்வாளர் நிமிர்ந்து உட்காருவது இந்த இடத்தில்தான்.

பயிற்சிகளைக் குழப்பிக்கொள்வதும் இதே வகை. செலிக்மனும் சகாக்களும் 2005இல் சோதித்த நன்றிச் சந்திப்பும், அன்றைய மூன்று நல்ல விஷயங்களை எழுதும் பயிற்சியும் ஒன்றல்ல. நன்றிச் சந்திப்பில் கடிதம் எழுதி உரியவர் முன் வாசித்துக் காட்டியவர்களிடம் உடனடி மாற்றம் பெரிதாக இருந்தது. மூன்று மாதத்தில் அது கரைந்துவிட்டது. மூன்று நல்ல விஷயங்களை எழுதியவர்களிடம் ஆறு மாதம் கழித்தும் மாற்றம் தெரிந்தது. தினமும் எழுத வேண்டும் என்று அறிவுரை சொல்லும் மாணவர்கள், வாரம் மூன்று முறை எழுதியவர்களைவிட ஒருமுறை எழுதியவர்களுக்கே பலன் கிடைத்ததாக லியூபோமிர்ஸ்கியும் குழுவினரும் 2005இல் எழுதியதையும் பார்க்க வேண்டும்.

டி-சோதனைத் திருவிழா

ஆண், பெண். விடுதி, வீடு. கலை, அறிவியல். நகரம், கிராமம். முதல் தலைமுறைப் பட்டதாரி, மற்றவர். மூத்த பிள்ளை, இளைய பிள்ளை. நம் ஊர் ஆய்வேடுகளில், இப்படி இரண்டு குழுக்களின் சராசரியை ஒப்பிடும் டி-சோதனை அட்டவணைகள் இல்லாமல் நான்காம் அத்தியாயம் கிடையாது. கருதுகோளுக்கும் இவற்றுக்கும் எந்தச் சம்பந்தமும் இருக்காது. படிவத்தில் கேட்டுவிட்டோம், சோதித்துவிடுவோம் என்ற கணக்குதான். ஒன்றையொன்று சாராத இருபது சோதனைகளை 5 சதவீத எல்லையில் செய்தால், உண்மையில் எங்கும் வித்தியாசம் இல்லாதபோதும், குறைந்தது ஒன்றாவது "குறிப்பிடத்தக்கது" என்று வர 64 சதவீத வாய்ப்பு இருக்கிறது. அந்த ஒன்று வந்ததும் அதற்கு ஒரு விளக்கம் முளைக்கும்: விடுதியில் இருப்பவர்கள் பெற்றோரின் அருமையை உணர்கிறார்கள். நாளை எண் தலைகீழாக வந்தால், வீட்டில் இருப்பவர்கள் பெற்றோரின் அன்பில் திளைக்கிறார்கள் என்று எழுதலாம். எப்படி வந்தாலும் விளக்க முடிகிற முடிவை வெட்டிவிடுங்கள். முன்பே காரணத்தோடு கருதுகோளாக எழுதிய ஒன்றிரண்டு போதும்.

வெட்ட மனம் வராதது இயல்புதான். இராப்பகலாக உட்கார்ந்து போட்ட அட்டவணைகள். பின்னிணைப்பில் போடுங்கள், குறிப்பிடத்தக்கதாக வராதவற்றையும் சேர்த்தே போடுங்கள். உண்மையில் வித்தியாசம் இல்லாதபோதும் இப்படியொரு முடிவு வர உள்ள வாய்ப்பைச் சொல்லும் பி மதிப்பு 0.000 என்று மென்பொருள் காட்டுவதை அப்படியே ஒட்டாமல் 0.001க்கும் குறைவு என்று எழுதுங்கள்.

மொழியைத் தொடும்போது

கடைசியில்தான் இதற்கு வர வேண்டும். இங்கே பெரிய ஆபத்து ஒற்றுமைச் சதவீதம், அதாவது கட்டுரை பிறர் எழுத்தோடு எவ்வளவு ஒத்திருக்கிறது என்று மென்பொருள் தரும் எண். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிகளின்படி 10 சதவீதம் வரையிலான ஒற்றுமைக்குத் தண்டனை இல்லை. அந்த எல்லைக்குள் வருவதற்காகச் சொல்லை மாற்றும் மென்பொருளில் பத்தியைப் போட்டு எடுக்கிறார்கள். அது நன்றியுணர்வு என்பதைக் கடன்பட்ட உணர்வு என்று மாற்றித் தருகிறது. உளவியலில் இவை இரண்டு வேறு நிலைகள்: உதவியவர் பதிலுக்கு எதையாவது எதிர்பார்க்கிறார் என்று தெரியத் தெரிய, நன்றி குறைந்து கடன்பட்ட உணர்வு கூடுகிறது என்று வாட்கின்ஸும் சகாக்களும் 2006இல் காட்டினார்கள். சதவீதத்தைக் குறைக்கப் போய் ஆய்வு மாறியையே மாற்றிவிடக் கூடாது. கலைச்சொல்லை ஒருமுறை தேர்ந்துகொண்டால் கடைசிப் பக்கம்வரை அதையே பயன்படுத்துங்கள். திரும்பத் திரும்ப வருகிறதே என்று கூச்சப்பட வேண்டாம்.

இலக்கிய மீளாய்வில் ஆளுக்கொரு பத்தி என்று ஆண்டு வரிசையில் அடுக்குவதை விட்டு, ஒட்டுறவு ஆய்வுகள், ஒரே ஆட்களைப் பலமுறை அளக்கும் காலத்தொடர் ஆய்வுகள், பயிற்சி ஆய்வுகள் என்று பிரித்து எழுதுங்கள். உங்கள் ஆய்வு எந்த அறையில் உட்காருகிறது என்பது தானே விளங்கும். செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் மேற்கோள் வாங்கியிருந்தால் ஒவ்வொன்றையும் இதழின் தளத்தில் தேடிப் பாருங்கள். உண்மையான ஆசிரியர் பெயரில், இருக்கும் இதழில், எழுதப்படவே இல்லாத கட்டுரைகள் கிடைப்பது இப்போது சாதாரணம்.

வரம்புகள் என்ற பகுதியில் "மாதிரி சிறியது, நேரம் போதவில்லை" என்று எழுதுவது யாருக்கும் உதவாது. இந்தத் தலைப்புக்கே உரிய வரம்புகள் இருக்கின்றன. நன்றியில்லாதவன் என்று ஒப்புக்கொள்ள யாருக்கும் மனம் வராது. ஆகவே நல்ல பெயருக்காகச் சொன்ன பதில்கள் எவ்வளவு என்ற கேள்வி உண்டு. இரண்டு அளவுகோல்களையும் ஒரே ஆள், ஒரே மனநிலையில் நிரப்பியதால் தொடர்பு கொஞ்சம் ஊதிப் பெருத்திருக்கலாம். அமெரிக்க மாணவர்களிடம் கண்ட பலன் பிற நாடுகளில் எப்போதும் அதே அளவில் வருவதில்லை: 2013இல் லேயஸும் குழுவினரும் செய்த ஒப்பீட்டில், நன்றிக் கடிதம் எழுதியதன் பலன் தென்கொரிய மாணவர்களுக்கு அமெரிக்க மாணவர்களைவிடக் குறைவாகவே இருந்தது. இவற்றை உங்கள் எண்களோடு சேர்த்து எழுதினால் வரம்புப் பகுதிக்கு உயிர் வரும்.

திருத்திய பிரதியைத் தனியாக அனுப்பாதீர்கள். நெறியாளர் சொன்ன ஒவ்வொரு குறிப்பையும் ஒரு தாளில் எழுதி, எதிரே என்ன மாற்றினீர்கள், எந்தப் பக்கத்தில் என்று குறித்து இணையுங்கள். மாற்றாமல் விட்டதற்கும் ஒரு வரி காரணம் வேண்டும். வாய்மொழித் தேர்வில் அவற்றைப் பற்றித்தான் முதலில் கேட்பார்கள்.