பழைய ரயில் பாலத்தைப் பார்க்க எங்கே நிற்பது?

மதுரை–போடி மீட்டர்கேஜ் (ஒரு மீட்டர் அகலத் தண்டவாள) ரயில் 2010 கடைசியோடு நின்றது. அகலப்பாதையில் 2022-இல் தேனி வரைக்கும், 2023-இல் போடி வரைக்கும் மறுபடி ஓடத் தொடங்கியது. இப்படிக் கேஜ் மாற்றும்போது பெரும்பாலும் பழைய மண்மேட்டின் மேலேயே புதுத் தண்டவாளம் போடுவார்கள். தடம் சற்று விலகுகிற இடத்தில்தான் பழைய பாலம் தனியாக மிஞ்சும். அதனால் ‘கைவிட்ட பாலம்’ என்று கேட்டதும் அந்தப் பக்கம் ரயிலே வராது என்று நினைக்கக்கூடாது. கல்லெறி தூரத்திலேயே ஓடுகிற தடம் இருக்கலாம், அதற்கு மேலே 25,000 வோல்ட் மின்கம்பியும் போகலாம். கம்பியைத் தொட்டால்தான் ஆபத்து என்றில்லை. 2 மீட்டருக்குள் செல்ஃபி குச்சியோ குடையோ போனாலே போதும்.

வீட்டிலேயே கைபேசி வரைபடத்தில் செயற்கைக்கோள் படத்தைத் திறந்து பாருங்கள். வயலையும் தோப்பையும் வெட்டிக்கொண்டு நேராகவோ பெரிய வளைவாகவோ போகும் கருவேலங்காட்டுப் பட்டைதான் பழைய மேடு. அது ஓடையைத் தாண்டுகிற இடத்தில் பாலம். இனி அங்கிருந்து பின்னோக்கி வாருங்கள்: பக்கத்துத் தார்ச்சாலை எது, அதிலிருந்து வண்டிப்பாதை எந்தக் கரையில் இறங்குகிறது? தண்டவாளத்தைக் கடக்காமல் எட்டக்கூடிய கரையையே தேர்ந்தெடுங்கள். கடந்தே தீரவேண்டுமென்றால் கேட் அல்லது சுரங்கப்பாதை வழியாகத்தான், அது 2 கிலோமீட்டர் சுற்றானாலும் சரி. அனுமதியில்லாமல் தண்டவாளப் பகுதிக்குள் நுழைவது 1989 ரயில்வே சட்டத்தின் 147-ஆம் பிரிவுப்படி குற்றம். பழைய மேடும் ரயில்வே நிலமாக இருக்கலாம். ஆகவே அதன்மேல் நடந்து போகிற திட்டமே வேண்டாம்.

பாலத்தின் மேல் ஏறுகிற பேச்சும் வேண்டாம். கர்டர் (இரும்பு உத்திர) பாலத்தில் ஸ்லீப்பர்கட்டையைக் கழற்றிய பிறகு மிஞ்சும் நடைத்தகடு மேலே முழுசாகத் தெரிந்தாலும் அடியில் துரு தின்றிருக்கும். கல் வளைவுப் பாலத்தில் ஆபத்து வேறு மாதிரி. அரசும் ஆலும் சந்தில் முளைத்து, வேர் பருத்து, சுண்ணாம்புக் காரையைப் பிளந்துவிடும். கல் எப்போது வேண்டுமானாலும் உதிரலாம். எனவே வளைவுக்கு அடியில் நிழலுக்குக்கூட உட்காரக்கூடாது.

எவ்வளவு தள்ளி நிற்பது? சதுரமான ஒரு தாளைக் குறுக்காக முக்கோணமாய் மடியுங்கள். ஒரு குட்டைப் பக்கம் தரைக்கு மட்டமாகவும் மற்றது செங்குத்தாகவும் இருக்கும்படி கண்ணருகே பிடித்து, சாய்ந்த நீளப்பக்கத்தின் வழியாகப் பாலத்தின் உச்சியைப் பாருங்கள். உச்சி நேர்கோட்டில் வரும்வரை முன்னே பின்னே நகருங்கள். வந்ததும், உங்களுக்கும் பாலத்துக்கும் உள்ள தூரம் ஏறத்தாழ பாலத்தின் உயரம் (கண்மட்டத்துக்கு மேலே உள்ள உயரம்). அங்கிருந்து இன்னும் அவ்வளவு தூரம் பின்னால் போய் நில்லுங்கள். படமும் அங்கிருந்துதான் முழுசாக அடங்கும்.

நிற்கும் இடம் கரைமேடாக இருக்கவேண்டும், மணலாக இருக்கக்கூடாது. வைகை, அதில் சேரும் ஓடை எதுவானாலும் இதுதான் விதி. காய்ந்து கிடக்கிற ஓடைக்கு மேலே மலையில் ஒரு மணி நேரம் மழை கொட்டினால் போதும், இங்கே தூறல்கூட இல்லாமல் தண்ணீர் வந்துவிடும். ஐப்பசி, கார்த்திகையிலும் கோடை மழை நாட்களிலும் சாயங்காலம் இறங்கவே வேண்டாம். வைகை என்றால் கிளம்புமுன் அணை மட்டத்தைப் பாருங்கள். மொத்தம் 71 அடி. 66 அடியில் முதல் எச்சரிக்கை, 68.5-இல் இரண்டாவது, 69-இல் மூன்றாவது. 66 தாண்டிய செய்தி வந்தால் வேறு நாள் பாருங்கள். சித்திரைத் திருவிழாவுக்கும் பாசனத்துக்கும் தண்ணீர் திறப்பது தனிக்கணக்கு, அதையும் பேப்பரில் பார்த்துக்கொள்ளுங்கள்.

தூணடி மணலும் ஏமாற்றும். வெள்ளம் தூணைச் சுற்றிச் சுழன்று மண்ணை அரிப்பதால் அங்கே பள்ளம் விழுந்து, மேலே சேறு மூடியிருக்கும். மணல் அள்ளிய குழியும் அப்படித்தான், முழங்கால் ஆழம் போலத் தெரிந்து ஆளை முழுக்கிவிடும். ஐந்தடிக் கம்பு ஒன்று கையில் இருக்கட்டும். கம்பு இறங்கும் இடத்தில் கால் வைக்காதீர்கள்.

போகும் வழியில் அதிகம் தொந்தரவு தருவது சீமைக் கருவேல முள். ரப்பர் செருப்பை ஊடுருவி ஏறிவிடும். தடித்த அடியுள்ள ஷூ, முழுக்கால் பேண்ட், முள் எடுக்க ஊக்கு, ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர் அவசியம். காட்டில் கைப்பிடிச்சுவர் இல்லாத கிணறு புல் மூடிக் கிடக்கும். எனவே புல்லுக்குள் குறுக்கே பாயாமல் ஒற்றையடிப் பாதையிலேயே போங்கள். ஜல்லிக்குவியலிலும் கல் சந்திலும் விரியன் படுத்திருக்கும், கை விடாதீர்கள். வழி தெரியாவிட்டால் ஆடு மேய்ப்பவரிடம், “அண்ணே, பாலம் தெரியுற மாதிரி மேட்டுக்குப் போக எந்தப் பக்கம் தடம் இருக்கு?” என்று கேளுங்கள். “பாலத்துக்கு எப்படிப் போறது” என்று கேட்டால் குறுக்குவழி என்று தண்டவாளத்தின் மேலேயே அனுப்பிவிடுவார்.

வளைவின் அடியிலோ கர்டரின் அடியிலோ கறுத்த தட்டு போலத் தொங்கினால் அது மலைத்தேனீக் கூடு. புகை, சத்தம், டிரோன் எதுவும் அதற்கு ஆகாது. கூடு தெரிந்தால் காகிதத்தில் அளந்த தூரத்தையும் மறந்து இன்னும் தள்ளிப்போங்கள். கொட்டத் தொடங்கினால் முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு ஓடுங்கள், தண்ணீரில் குதிக்காதீர்கள். அவசரத்துக்கு 108, தண்டவாளத்தில் ஏதாவது ஆபத்தைக் கண்டால் 139.

வெளிச்சத்தைப் பொறுத்தவரை, மதுரைப் பக்கம் வைகை மேற்கிலிருந்து கிழக்கே ஓடுவதால் காலையில் பாலத்தின் கிழக்குப் பக்கத்திலும் சாயங்காலம் மேற்குப் பக்கத்திலும் வெயில் படும். காலைதான் வசதி. சூடு ஏறுமுன் 9 மணிக்குள் திரும்பிவிடலாம். சாயங்காலம் போனால், கார்த்திகையில் 6 மணிவாக்கிலேயே பொழுது சாய்ந்துவிடும். 5 மணிக்கே சாலையைப் பார்த்துத் திரும்புங்கள்.

நின்ற இடத்திலிருந்தே பைனாகுலரில் கரையோரத் தாங்குசுவரைப் பாருங்கள். பெயின்ட் உதிராமல் இருந்தால் பாலத்தின் எண்ணும் நீரோட்டத் திசையைக் காட்டும் அம்பும் தெரியும். தூணில் வெள்ள மட்டக் கோடும் இருக்கலாம். அந்தக் கோடு உங்கள் கால்மட்டத்துக்கு மேலே இருக்கிறதென்றால், இன்னும் மேட்டுக்கு ஏறி நில்லுங்கள்.