ஒரு செய்யுள் ஒத்துப்போனால் உறவாகிவிடாது

அமெரிக்கக் கதைப்பாடல் ஒன்றின் பிரிட்டிஷ் வேரைத் தேடக் கிளம்புகிற புதியவர்களைப் பார்க்கிறேன். தலைப்பு மாறும், ஊர்ப்பெயர் மாறும் என்பதெல்லாம் சீக்கிரமே பிடிபட்டுவிடுகிறது. நான் விழுந்த குழியில்தான் அவர்களும் வந்து விழுகிறார்கள்.

செய்யுளை வைத்து வம்சம் சொல்வது

'ஜான் ஹென்றி' பாட்டின் சில வடிவங்களில், "உன் சின்னப் பாதத்துக்குச் செருப்பு மாட்ட யார் இருக்கிறார், கைக்கு உறை மாட்ட யார் இருக்கிறார்" என்று ஒரு கேள்வி வரும். அதே கேள்வி ஸ்காட்லாந்தின் 'லாஸ் ஆஃப் ராக் ராயல்' பாட்டிலும் உண்டு. ஆங்கில, ஸ்காட்டிஷ் கதைப்பாடல்களைத் தொகுத்து எண்ணிட்ட அறிஞர் ஃபிரான்சிஸ் ஜேம்ஸ் சைல்டின் தொகுப்பில் அது 76ஆம் எண். அதைக் கண்ட இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. மூன்று வாரம் உட்கார்ந்து ஒரு வம்சாவளியே வரைந்துவிட்டேன்.

அத்தனையும் வீண். ஜான் ஹென்றி, நீராவித் துளைப்பானோடு போட்டி போட்டு ஜெயித்துச் செத்த ரயில்பாதைத் தொழிலாளி. ராக் ராயல் பெண்ணோ கைக்குழந்தையோடு காதலன் வீட்டுக் கதவைத் தட்டுகிறவள். கதையில் ஒட்டே இல்லை. பிரிவு வருகிற இடத்தில் பாடகர்கள் மனதில் கிடந்த செய்யுளை எடுத்துப் போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். 'பார்பரா ஆலன்' முடிவில் கல்லறைகள் மேல் முளைத்துப் பின்னிக்கொள்ளும் ரோஜாவும் முட்செடியும்கூட இப்படிப் பல பாடல்களில் வந்துபோகிறவை. இன்றும் யாராவது ஒரு செய்யுளை நீட்டி "ஆதாரம்" என்றால் எனக்குக் கோபம் வருகிறது.

சரி, எதைப் பிடிப்பது? கதையை. 'ஹவுஸ் கார்ப்பென்டர்' பாட்டைப் பாருங்கள். 1657இல் லண்டனில் லாரன்ஸ் பிரைஸ் எழுதிய தெருப்பாட்டில், செத்துப்போன கடலோடி ஜேம்ஸ் ஹாரிஸ் ஆவியாக வந்து தச்சன் மனைவியை அழைத்துப் போகிறான். அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைகளில் பாடியதில் ஆவி இல்லை. பழைய காதலன் ஆளாகவே வருகிறான், கப்பல் மூழ்குகிறது. ஆனால் "ராஜா மகளையே கட்டியிருப்பேன், உனக்காக விட்டேன்" என்ற பேச்சு இரண்டிலும் இருக்கிறது. அதுவும் அதே ஆள் வாயில், அவள் வீட்டைவிட்டுக் கிளம்பும் முன்பு. வரி தன் கதையோடு சேர்ந்து வந்திருந்தால் நம்பலாம்.

சைல்டு எண்ணை வயதாக எடுப்பது

அது தொகுப்பில் பாட்டுக்குக் கொடுத்த வெறும் வரிசை எண். எண் சிறியது என்பதால் பாட்டு பழையது ஆகிவிடாது.

மெட்டையும் சொல்லையும் ஒன்றாகத் தேடுவது

இரண்டுக்கும் வேறு வேறு பிறப்பு இருக்கலாம். தனித்தனியாகத் தேடுங்கள்.

வாய்மொழி மட்டுமே என்று நம்புவது

மலைக்கிராமத்துப் பாட்டி பாடினார் என்பதற்காக, அது முன்னோர் கப்பலேறிக் கொண்டுவந்த பாட்டு என்று எழுதிவிடாதீர்கள். 'ஹவுஸ் கார்ப்பென்டரை' 19ஆம் நூற்றாண்டில் நியூயார்க்கின் டி மார்சன் அச்சகம் ஒற்றைத்தாளாக அச்சிட்டு விற்றிருக்கிறது.